கல்லறைக்குப் பிறகு வந்த கோயில்

மூணாறில் முதலில் வந்தது கல்லறை. கோயில் அதற்குப் பிறகுதான். 1894 டிசம்பரில், கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் முதல் பொது மேலாளர் ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினார் இசபெல் மே காலராவில் இறந்தார். ஊரைப் பார்த்திருந்த ஒரு குன்றில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் குன்றின் சரிவில் கிறிஸ்து ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது 1911-ல். 'செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும்' என்று அந்தப் பெண் வேடிக்கையாகச் சொன்னதாகச் சுற்றுலா வழிகாட்டிகள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கதையை விட்டுவிடலாம், ஆண்டுகளின் வரிசை போதும். சாவு வந்து பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே கூரை போட்ட வழிபாட்டிடம் வந்திருக்கிறது. எலினாருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அதே ஆண்டுகளில் காடு வெட்ட மலையேறி வந்து காய்ச்சலில் போன தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்குக் கல் கிடையாது.

துன்ப காலத்தில் விசுவாசம் மனிதருக்கு அமைதி தருகிறது என்பது எல்லாப் பிரசங்கங்களிலும் வரும் வாக்கியம். எப்படித் தருகிறது, யார் வழியாகத் தருகிறது, தரத் தவறும் இடங்கள் எவை என்ற கேள்விகளை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. கேரள எல்லையோரத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் இந்தக் கேள்விகளுக்கு நல்ல சோதனைக்களம். அங்கே துன்பம் உவமைக்காகச் சொல்லப்படும் சங்கதி இல்லை.

வரைபடத்தில் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லை. 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவானபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி எனத் தமிழ் பேசும் ஊர்கள், மழை குறைந்த பூமி. அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடு இருந்தவர்கள். 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்த பிறகுதான் அவர்களுடைய ஆயர் பாலக்காட்டிலேயே இருக்கத் தொடங்கினார். அவர்களுடைய துன்பம் வறட்சி. அது மெல்ல வரும், சொல்லிக்கொண்டு வரும். கையகல மண்ணாவது சொந்தமாக இருப்பவர்களுக்கு அது ஒரு மாதிரி. சொந்தமாக எதுவுமே இல்லாதவர்களின் கதை இடுக்கி மலைகளில் இருக்கிறது. இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அங்கேயே நிற்கப்போகிறது.

தேயிலைக்கு ஆள் பிடித்த கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் சுற்றினார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏறிப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மலைக்குப் போய்க் கிறிஸ்தவர்களானவர்கள் அல்லர். கிறிஸ்தவர்களாகவே போனவர்கள். திருநெல்வேலிச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் தொடக்கக் கதைகளில் ஒன்று புகலிடத்தின் கதை. விரட்டப்பட்ட விசுவாசிகளைக் குடியேற்ற 1799-இல் உண்டான முதலூர் என்ற ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. 1877-78 பெரும் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். 'சோற்றுக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்ற ஏச்சு அப்போதிருந்தே உண்டு. அந்த ஏச்சில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்தை அவன் தெய்வம் இருக்கிற இடமாக எண்ணினால் அதில் இழிவு எங்கே இருக்கிறது? அந்தப் பஞ்சத்தையொட்டிப் பிறந்த தலைமுறைதான் மலையேறிய தலைமுறை.

கத்தோலிக்கர்களுக்கும் பழைய வேர் இருந்தது. கயத்தாறு வட்டாரத்துக்கு அருகிலேயே காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் தொடக்க காலத்தில் பணியாற்றிய ஊர். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு இன்றும் சுற்றுவட்டாரமே திரளும் ஊர். இந்த மக்களைத் தேடி ஸ்பானிய கார்மேல் சபைக் குருவான அல்போன்ஸ் மரியா மலைக்கு வந்து 1898-இல் மூணாறில் கார்மேல் மாதா கோயிலைத் தொடங்கினார். உயர்மலைப் பகுதியின் முதல் கத்தோலிக்கக் கோயில் அது. 2024-இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது.

கோயில் டவுனில் இருந்தது. மக்கள் எஸ்டேட்டுகளில் சிதறிக் கிடந்தார்கள். டிவிசன் எனப்படும் எஸ்டேட் பிரிவிலிருந்து டவுனுக்கு வர அரை நாள் போகும். கத்தோலிக்கக் குருவானவரோ சீர்திருத்த சபையின் ஐயரோ மாதத்தில் ஒருமுறை வந்தாலே பெரிது. ஆகவே அன்றாட விசுவாசம் உபதேசியாரின் கையில் இருந்தது. அவரும் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைதான். நோயாளி வீட்டில் செபம் சொல்வார். செத்த வீட்டில் விடிய விடிய இருப்பார். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவார். இறையியல் கல்லூரி எதையும் பார்க்காத இந்த மனிதர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகூட அரிது. இலங்கையிலும் இப்படித்தான். 1854-இல் கண்டியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காபித் தோட்டங்களுக்குள் போனது தமிழ் உபதேசியார்களின் கால்களால்.

தோட்டத் துன்பத்தின் மையம் வீடு. லயம் என்றும் பாடி என்றும் சொல்லப்படும் வரிசை வீடுகள் கம்பெனிக்குச் சொந்தமானவை. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பிள்ளையோ மருமகளோ அதே வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். படித்த பெண்கள் கொழுந்துக்கூடை தூக்கப் போனதன் பின்னால் பல நேரங்களில் இந்த ஒரே காரணம் இருக்கும்: அப்பா அம்மாவுக்குக் கூரை வேண்டும். நான்கு தலைமுறை உழைத்த மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த மலையில் ஒருவருக்குக் கிடைத்து, பிறகு யாரும் திருப்பிக் கேட்காத இடம் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி. நவம்பர் 2-ஆம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாளில் எஸ்டேட் கல்லறைகளில் புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, மெழுகுவத்தி ஏற்றும் ஆர்வத்தை இதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

பீர்மேட்டில் இன்னொரு விதத் துன்பம். தேயிலை விலை சரிந்தபோது முதலாளிகள் தோட்டங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். 2000-இல் பீர்மேடு டீ கம்பெனியின் சீந்தலாறு, லோன்ட்ரீ தோட்டங்கள் மூடப்பட்டன. வேறு சிலவும் அதே வழியில் போயின. சம்பள பாக்கி நின்றது, பணிக்கொடை நின்றது, மருந்தகம் மூடியது. மக்கள் இடிந்துகொண்டிருந்த லயங்களிலேயே தங்கினார்கள். ஊருக்குத் திரும்ப ஊரில் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் அமைதி என்பது எதிலிருந்து பிறக்கிறது? தனி மனித மனத்துக்குள் தேடினால் கிடைக்காது என்றே நினைக்கிறேன். லயத்து வீட்டில் தனிமை என்று ஒன்று கிடையாது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். அங்கே செபமும் அப்படித்தான். புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ மாலையில் ஒரு வீட்டில் கூடுவார்கள். கத்தோலிக்கர்களுக்கு அன்பியம், ஜெபமாலை, சி.எஸ்.ஐ. சபையாருக்கு வீட்டு ஜெபக் கூட்டம். பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு உபவாச ஜெபம். கூட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து சாட்சி சொல்வார். மகனுக்கு வந்த நோய், கட்ட முடியாத கடன், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன். சொல்லி முடித்ததும் அந்த வீட்டுக்காக எல்லோரும் செபிப்பார்கள். அதன் பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. செபம் முடிந்து தேத்தண்ணீர் வரும்போது யாரிடம் பணம் கைமாற்றுக் கேட்கலாம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், காலை மஸ்டர் கணக்கில் நாளைக்கு யார் பெயர் சொல்வது என்ற பேச்சு தொடங்கும். இந்தப் பேச்சையும் செபத்தையும் பிரிக்க முடியாது. திருநெல்வேலிச் சபைகளின் அசனம், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, மலைக்கும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

சாட்சி சொல்வதற்கு இன்னொரு பயனும் உண்டு. துன்பம் வந்தவருக்கு நடந்ததெல்லாம் துண்டு துண்டாக, முன்பின் இல்லாமல் நினைவில் கிடக்கும். அதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமென்றால் ஒரு தொடக்கம் வேண்டும், ஒரு நடு வேண்டும், குறைந்தபட்சம் இன்று இங்கே நிற்கிறேன் என்ற முடிவாவது வேண்டும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் இறுகும். மனநல மருத்துவர் அருகில் இல்லாத மலையில் இந்த வேலையை ஜெபக் கூட்டம் செய்திருக்கிறது.

ஆனால் சாட்சிக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. அது வெற்றியில் முடிந்தாக வேண்டும் என்று கூட்டம் எதிர்பார்க்கும். நோய் நீங்கியது, கடன் தீர்ந்தது, ஆமென். நீங்காத நோயோடு நிற்பவருக்கு அந்தக் கூட்டத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது.

தமிழ்க் கிறிஸ்தவ மரபு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. வீரமாமுனிவர் தேம்பாவணி எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மகனை இழந்த தாயின் புலம்பலாக அன்னை அழுங்கல் அந்தாதி பாடியவரும் அவர்தான். இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் உரக்க வாசிப்பதற்கென்றே அமைந்தது. கேட்பவர்களை அழ வைக்கும் தமிழ் அது. வியாகுல மாதா சுரூபத்தின் நெஞ்சில் வாள் இறங்கியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கும் அந்தச் சுரூபத்தின் முன்னால் விளக்கம் தேவைப்படாது. ஒப்பாரி தெரிந்த சமூகத்துக்குள் வந்த கிறிஸ்தவம் ஒப்பாரிக்கு இடம் கொடுத்துத்தான் வேரூன்றியது. வேதப் புத்தகத்திலும் அதற்கு ஆதாரம் நிறைய. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். 88-ஆம் சங்கீதம் நம்பிக்கை வார்த்தை எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. யோபுவின் புத்தகத்தில் கடைசியில் கடவுளின் கோபத்துக்கு ஆளாகிறவர்கள், துன்பத்துக்குக் காரணம் பாவம்தான் என்று வாதாடிய நண்பர்கள். முறையிட்ட யோபு சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது.

இது வெறும் இலக்கிய நயம் பாராட்டுவதற்காகச் சொன்னதில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் துன்பத்தில் மக்கள் மதத்தைக் கையாளும் விதங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடவுள் உடன் இருக்கிறார் என்ற உணர்வும் சபையின் துணையும் ஒரு வகை. கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற தவிப்பு இன்னொரு வகை. அவரும் சக ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்திருந்த 596 முதிய நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. இரண்டாம் வகைத் தவிப்பு மிகுந்தவர்களிடையே, நோயின் கடுமை முதலானவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஆகவே 'விசுவாசம் அமைதி தரும்' என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. எந்த விசுவாசம் என்று கேட்க வேண்டும். மண் சரிந்து பிள்ளைகளைக் கொண்டுபோன வீட்டில் வந்து, இந்த லயத்தில் பாவம் பெருகிவிட்டது என்று பிரசங்கிப்பவர் ஆறுதல் சொல்ல வரவில்லை. காயத்தைப் பெரிதாக்க வந்திருக்கிறார்.

பழைய சந்தேகம் ஒன்றையும் எதிர்கொள்ளத்தான் வேண்டும். இந்த அமைதி முதலாளிக்கு வசதியான அமைதியா? ஆங்கில வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1963-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில், தொழிற்புரட்சிக் காலத்து மெதடிஸ்ட் சபை இங்கிலாந்துத் தொழிலாளர்களின் கோபத்தை எப்படி வடித்துவிட்டது என்று கடுமையாக எழுதினார். (அவருடைய தகப்பனார் வங்காளத்தில் பணியாற்றிய மெதடிஸ்ட் மிஷனரி. வீட்டுக்குள்ளிருந்து வந்த விமர்சனம்.) மூணாறுக்கும் பீர்மேட்டுக்கும் அந்த விமர்சனம் பொருந்தும். தோட்டங்களில் கோயில் கட்ட இடம் தந்தது கம்பெனி. இடம் தந்தவரைப் பிரசங்க பீடத்திலிருந்து கேள்வி கேட்பது சுலபமில்லை. கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்குக் கூலியைப் பற்றிப் பேசப்பட்டதில்லை.

2015 செப்டம்பர் இந்தக் கணக்கைக் குழப்பியது. 20 சதவீத போனஸ் கேட்டும், 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கக் கேட்டும் மூணாறில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வர விடவில்லை. பெண்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாள் நடந்து போனஸ் கோரிக்கையை வென்றது. நாட்கூலி பிறகு 301 ஆனது. கேட்ட 500 வரவில்லை. அந்தப் பெண்களில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பவர்களும் இருந்தார்கள், ஞாயிறு ஆராதனை தவறாதவர்களும் இருந்தார்கள். போராட்டத்தைச் சபைகள் நடத்தவில்லை. ஆனால் சங்க அலுவலகங்களில் ஒருநாளும் பேச இடம் கிடைக்காத பெண்கள் கூட்டத்தின் முன் எழுந்து நின்று தங்கள் துன்பத்தைக் கோவையாகச் சொல்வதற்கு முன்பே பழகியிருந்த இடங்களில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டமும் ஒன்று என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதைச் சொல்ல முடியாது.

பிறகு பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலை இறங்கி நான்கு லய வரிசைகளை மூடியது. கொட்டும் மழை, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லை. விடிந்த பிறகே செய்தி வெளியே வந்தது. 70 பேர் இறந்தார்கள். 66 உடல்கள் கிடைத்தன; நான்கு பேர் கிடைக்கவே இல்லை. பலருக்கும் பூர்வீகம் கயத்தாறு. கொரோனா ஊரடங்குக் காலம். எல்லையில் இ-பாஸ் கெடுபிடி. துக்கத்துக்கு ஆள் சேர்வதே குற்றமாக இருந்த மாதங்கள். உடல்களை ராஜமலையில் கம்பெனி நிலத்தில் பெரிய குழிகளில் பக்கம் பக்கமாக வைத்து அடக்கம் செய்தார்கள். லயத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே சுவருக்கு இருபுறமும் இருந்தவர்கள். குழியிலும் அப்படியே.

மலை சரிந்த மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இந்த வேறுபாடு ஏன் என்று அப்போதே கேட்டார்கள். மேலே சொன்ன முறையீட்டுச் சங்கீதங்கள் இந்தக் கேள்விக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. நியாயம் கிடைக்காத விதவை நீதிபதியிடம் ஓயாமல் போய் முறையிடும் உவமை இயேசுவே சொன்னது; அதைச் சொன்னது ஜெபத்தைப் பற்றிக் கற்பிப்பதற்காக. துக்கத்தில் அமைதி வேண்டும் என்பதும் நஷ்ட ஈட்டில் நியாயம் வேண்டும் என்பதும் இருவேறு ஆட்கள் வைக்கும் கோரிக்கைகள் இல்லை. ஒரே வீட்டில், ஒரே பெண், ஒரே நாளில் இரண்டையும் கேட்கிறாள்.

இந்த விசுவாசத்துக்கு அரசு போட்டிருக்கும் விலை ஒன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது, 2022-இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் போடப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தலித்துகள். பிள்ளையின் படிப்புக்கான சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை வேறொரு மதம் என்று வாழும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, மலையிலும் உண்டு. இதைக் கபடம் என்று ஏசுவோருக்கு அந்தச் சான்றிதழ் ஒருபோதும் தேவைப்பட்டிருக்காது. கிறிஸ்துவைப் பற்றிக்கொள்வதும் சலுகையை இழப்பதும் ஒரே செயலாக ஆக்கப்பட்டிருக்கும்போது, ஞானஸ்நானத் தொட்டியின் அருகே நிற்கும் தகப்பனின் மனத்தில் அமைதி எந்த அளவுக்கு இருக்க முடியும்?

பெட்டிமுடிக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தன. அங்கும் தோட்டம், அங்கும் பாடிகள். அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பகுதிகளையும் புத்துமலையில் தோட்ட நிலத்தில் அடக்கம் செய்தபோது, குழிக்கு மேல் பெயருக்குப் பதிலாக எண் எழுதினார்கள். யார் எந்த மதம் என்று தெரியாததால் எல்லா மதத்தாரும் ஒவ்வொருவருக்கும் செபித்தார்கள். இடுக்கியிலோ, பெட்டிமுடியில் பிழைத்தவர்களுக்காகக் குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் கட்டப்பட்டன. ராஜமலையிலும் சுற்றியுள்ள டிவிசன்களிலும் மற்றவர்கள் இன்னமும் லயங்களில் இருக்கிறார்கள்; வேலையிலிருந்து நிற்கும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடுகளில்.